பனிமூட்டப் பாட்டுக்கு ஒரு கோயில் குரல்

ஜூன் 3, செவ்வாய்

வினோதினி இசைக்குழுவிலிருந்து விலகிவிட்டாள். புனேயில் வேலையாம். கைகூப்பும் பொம்மை ஒன்றைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். குழுவில் இருந்ததே இரண்டு பேர், பாட அவள், வாசிக்க நான். இப்போது மிச்சம் இருப்பது நான் ஒருவன். ஒற்றை ஆளை இசைக்குழு என்று சொல்லலாமா தெரியவில்லை. நல்லவேளை, பெயர்ப்பலகை எதுவும் எழுதி வைக்கவில்லை.

நாங்கள் செய்யும் சங்கீதத்துக்கு ட்ரீம் பாப் என்று பெயர். அக்கா புருஷன் ரெமிஜியூஸ் அத்தானுக்கு ஒருமுறை விளக்கிப் பார்த்தேன். கிதார் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்க வேண்டும். பாடுகிறவர் பாதித் தூக்கத்தில் பாடுவது போல இருக்க வேண்டும். சொற்கள் பனிமூட்டத்தில் போகிற சைக்கிள் மாதிரி தெரிந்தும் தெரியாமலும் போக வேண்டும். அத்தான் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அப்பம் ரிப்பேரான செட்டுல போட்டா எல்லாப் பாட்டும் ஒம் பாட்டுதான, மாப்ள?"

துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிற மனிதரிடம் இதற்கு மேல் என்ன பேசுவது? தூத்துக்குடியில் பனிமூட்டத்தை யாரும் பார்த்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாலையில் சுடலைமணி அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்கு ஆட்டோ விளம்பரம் பதிவு செய்தேன். "லுங்கி வாங்கினால் துண்டு இலவசம்" என்பதை ஏழு விதமாகப் பேசினேன். என் மேல்மாடி ஸ்டூடியோவின் அன்றாடம் இதுதான். லுங்கி, நினைவஞ்சலி அறிவிப்பு, திரும்பவும் லுங்கி.

ஜூன் 7, சனி

மெட்டில்டா அக்கா மீன் குழம்போடு வந்தாள். படியேறும்போதே "ஏல செலஸ்டின்" என்று கூப்பிட்டாள். எதிர்வீட்டில் செலஸ்டின் என்று யாராவது இருந்திருந்தால் அவரும் வந்திருப்பார். அக்கா மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஞாயிறுதோறும் மாதா கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை. மைக் இல்லாமல் கோயிலின் கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல். ஊருக்கு அதில் பெருமை. தம்பிக்குக் காதில் அடைப்பு.

குழம்பை வைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னாள்.

"ஒம் பாட்டுக்கு ஆள் இல்லையாமே. நான் பாடுதேன்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, இது வேற மாதிரிப் பாட்டு. நீ பாடுனா பனிமூட்டம் கலைஞ்சு போயிரும்."

"கலையட்டும். திருவிழாவுக்கு முன்னால எடுத்து முடிச்சிரணும். எழுத்தும் என்னுதுதான்."

பன்னிரண்டு வருடமாக நான் என்ன வாசிக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது பாட்டு எழுதிக் கொண்டுவந்திருக்கிறாள், கெடுவோடு. நாற்பத்து நான்கு வயதில் சிலருக்கு இப்படித்தான் வரும் போல. எதிர்வீட்டு மாமி யோகாவுக்குப் போகிறார்.

ஜூன் 14, சனி

முதல் பதிவு. மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்தினேன். சத்தம் எல்லை மீறினால் காட்டும் விளக்கு சிவந்தது. இரண்டு முழம் தள்ளினேன். சிவந்தது. கடைசியில் கதவுப் பக்கம் போய் நின்று பாடினாள். அப்போதும் சிவந்தது.

"மெதுவாப் பாடுக்கா."

"மெதுவாத்தான் பாடுதேன்."

"மூச்சு மாதிரிப் பாடணும். காதுக்குள்ள ரகசியம் சொல்லுத மாதிரி."

"ரகசியம் சொல்லணும்னா எதுக்குல பாட்டு? போன்ல சொல்லிட்டுப் போலாம்லா."

பாடும் அறையின் சுவரில் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்திருக்கிறேன், வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்க. இன்று அவை உள்சத்தம் வெளியே போகாமல் காத்தன. புழுக்கத்தில் நான் பனியனோடு உட்கார்ந்திருந்தேன். அவளோ கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு, கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்தவள் மாதிரி நின்றாள். எடுக்கச் சொன்னதற்கு, "ஒனக்கு என்ன பிரச்சன?" என்றாள். எனக்கு என்ன பிரச்சனை? வியர்வை அவளுடையது.

ஜூன் 15, ஞாயிறு

நேற்றுப் பதிவு செய்ததை முழுதாகக் கேட்டேன். தலைவலி. மாத்திரை தீர்ந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

எழுத்தைப் பற்றிச் சண்டை. உப்பளத்தைப் பற்றித்தான் பாட்டு. வேதியியல் டீச்சர் வேறு எதைப் பற்றி எழுதுவாள்?

உப்பாகும் முன்னால் நீ என்னவாய் இருந்தாய்,
வானத்தைச் சுமந்தபடி தரையில் கிடந்த நீரே.

மோசமில்லை. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் நான்கு சரணம் வரும்.

ஆனால் எங்கள் வகைப் பாட்டில் சொல் புரியக்கூடாது என்பதை அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. குரலை ரிவெர்புக்குள் போட்டுக் காட்டினேன். ரிவெர்ப் என்றால் குரலுக்குப் பின்னால் ஒரு பெரிய வெற்று மண்டபத்தைக் கட்டுவது. ஒவ்வொரு சொல்லும் தூணில் மோதித் தேய்ந்து திரும்பும்.

"என்னல, நான் எங்க இருக்கேன்?"

"அங்கதான் இருக்க. கிதாருக்குப் பின்னால."

"பாடுறது நான். நான் எதுக்குல பின்னால போய் நிக்கணும்?"

"இந்த வகையே அப்படித்தான்."

"பொம்பளைய ஒளிச்சு வைக்குறதுக்கு இங்கிலீஸ்ல ஒரு பேரு."

இரண்டாம் சரணத்தின் நடுவே நிறுத்தினாள். கழுத்தில் கை வைத்துத் தண்ணீர் கேட்டாள். சளி என்றாள். கத்தரி வெயில் முடிந்து நான்கு வாரம்கூட ஆகவில்லை, ரோட்டில் தார் இளகுகிறது, இவளுக்குச் சளி. பழிபோட ஏசியாவது இருக்க வேண்டுமே.

ஜூலை 5, சனி

இன்று பாட்டே இல்லை. மைக் முன்னால் வந்து நின்று, "சும்மா ஓட விடு" என்றாள். முதலில் சரிகம. பிறகு மாதா கோயில் கீர்த்தனைகள் நான்கு. பிறகு பத்தாம் வகுப்பு பி பிரிவின் வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர்களை, எதையும் பார்க்காமல், வகுப்பில் கூப்பிடுகிற அதே அதட்டலோடு. அபினேஷில் ஆரம்பித்து யோகலட்சுமியில் முடிந்தது. பிறகு சென்னையில் படிக்கிற மகளின் பெயரை நாலைந்து விதமாகக் கூப்பிட்டாள். ஆக்னெஸ். ஏட்டி ஆக்னெஸ். ஆக்னெஸ் கண்ணு.

"இதெல்லாம் எதுக்கு?"

"மைக் டெஸ்ட்டு."

ஒரு மணிநேர மைக் டெஸ்ட். அத்தனையையும் ஹார்டு டிஸ்க்கில் தனியாகச் சேமிக்கச் சொல்லி, சேமித்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இறங்கிப் போனாள். கலைஞர்களின் கிறுக்குத்தனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கலைக்கு முன்பே கிறுக்கு வருவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

அண்ணாச்சிக்கு ஆடித் தள்ளுபடி விளம்பரம் பாக்கி. மோட்டார் போட்டும் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

துறைமுகச் சாலை டீக்கடையில் அத்தானைப் பார்த்தேன். படகிலிருந்து நேராக வந்திருந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது, குடிக்கவில்லை.

"பாட்டு எப்பம் முடியும் மாப்ள?"

"ஒங்க பொண்டாட்டி சத்தத்தக் கொறச்சா நாளைக்கே முடியும்."

வழக்கமாக இதற்குச் சிரிப்பார். இன்று கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஒன்ட்ட அவ ஒன்னும் சொல்லலையா?"

தொண்டையில் தைராய்டு கட்டி. ஏப்ரலிலேயே தெரியுமாம். எடுத்தே ஆக வேண்டும். மதுரையில் ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதிக்கு நாள் குறித்தாகிவிட்டது. கட்டி என்ன வகை என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதைவிட, அது உட்கார்ந்திருக்கிற இடம் சரியில்லை. குரல் நாணை அசைக்கிற நரம்பை ஒட்டி இருக்கிறது. நரம்புக்கு ஒன்றும் ஆகாமல் எடுக்கப் பார்க்கிறோம், வாக்குக் கொடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"திருவிழாவுல பாடிட்டுத்தான் வருவேன்னு டாக்டர்ட்டயே சொல்லிட்டா," என்றார் அத்தான். "அவரும் சரின்னுட்டாரு. அவளுக்கு எதுத்துப் பேச அவருக்கும் தைரியம் இல்ல."

நான் ஏதோ சொன்னேன். என்ன என்று நினைவில்லை. வேடிக்கையாக இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்து ஸ்டூடியோ ஒயர்கள் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். எதிலும் பழுது இல்லை.

ஜூலை 19, சனி

மறுபடி பதிவு. அக்கா பாடினாள். விளக்கு சிவந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது முறையும் சொல்லவில்லை. மூன்றாவது முறை அவளே ஹெட்போனைக் கழற்றினாள்.

"அவரு சொல்லிட்டாராக்கும்."

"யாரு? என்ன?"

"மெதுவாப் பாடுன்னு நீ சொல்லவே இல்லையே."

கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் சுவாரசியமாக ஒன்றும் இல்லை.

"ஏல, மூஞ்சிய அப்படி வச்சிருந்தா நான் பாட மாட்டேன். திட்டு. வழக்கம்போலத் திட்டு."

"சுதி ஏறிப் போச்சு. கேவலமா இருக்கு. திரும்பப் பாடு."

"அப்படி வா."

திரும்பப் பாடினாள். சுதி முதலிலேயே சரியாகத்தான் இருந்தது. கடைசிச் சரணத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. வெளியே திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஒலிபெருக்கி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். "அலோ அலோ" என்று சோதித்த ஆசாமிக்கு நாற்பது நிமிடம் ஆகியும் திருப்தி வரவில்லை. என் தொழிலில் என்னைவிட நுணுக்கமானவர்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திருவிழா. கூட்டத்தில் நான் கடைசி பெஞ்சுக்கும் பின்னால் வாசலருகே நின்றேன். அக்கா பாடினாள். அங்கேயும் கேட்டது.

பதிவுக் கருவியைக் கொண்டுபோயிருக்கலாம். கொண்டுபோகவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மதுரை. காலை உள்ளே கொண்டுபோனார்கள், பிற்பகல் வெளியே கொண்டுவந்தார்கள். இடையில் கேன்டீனில் பொங்கல், காபி, காபி, தயிர்சாதம், காபி. ஆக்னெஸ் சென்னையிலிருந்து வந்து என் தோளில் தூங்கினாள். அத்தான் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லாமலே உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலிக்காரர் தன் மூலநோயின் வரலாற்றை முழுவதும் சொன்னார். அவருக்கு நன்றி. அது மட்டும்தான் இன்று என் தலைக்குள் போனது.

ஆகஸ்ட் 21, வியாழன்

முடிவு வந்துவிட்டது. புற்று இல்லை. ஆக்னெஸ் அழுதாள். அத்தான் வார்டில் எல்லாருக்கும் லட்டு வாங்கிவந்து, சர்க்கரை வியாதிக்காரருக்கும் கொடுத்து நர்ஸிடம் திட்டு வாங்கினார்.

குரல் இல்லை. அதாவது காற்று வருகிறது, குரல் வரவில்லை. இடது குரல் நாண் அசையவில்லையாம். பயிற்சி கொடுப்பார்களாம். ஆறு மாதத்தில் வரலாம், ஒரு வருடம் ஆகலாம், ஓரளவோடு நின்றும் போகலாம் என்றார் டாக்டர். மழை அறிக்கை வாசிக்கிறவரும் இதைவிடத் தெளிவாகச் சொல்வார்.

அக்கா என்னைக் கட்டில் பக்கம் கூப்பிட்டாள். குனிந்தேன். காதுக்குள் மூச்சாகச் சொன்னாள்.

"இப்பம் மெதுவா இருக்கா?"

நான் வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் வாங்கப் போனேன். வரிசையில் யாரும் இல்லை. ஆனாலும் நேரமாயிற்று.

செப்டம்பர் 18, வியாழன்

பாட்டை மிக்ஸ் செய்துகொண்டிருக்கிறேன். அப்படித்தான் எல்லாரிடமும் சொல்கிறேன். காலையில் அக்காவின் குரலைக் கிதாருக்கு முன்னால் கொண்டுவருவேன். மதியம் இன்னும் முன்னால். ரிவெர்பை முழுதாக எடுத்துவிட்டேன். இப்போது பனிமூட்டமும் இல்லை, மண்டபமும் இல்லை. அக்கா அறைக்குள் நின்று பாடுகிறாள். சில நாள் பாட்டை விட்டுவிட்டு வருகைப் பதிவேட்டைப் போடுகிறேன்.

மிக்ஸ் முடிந்தபாடில்லை. முடிக்க என்ன அவசரம்?

அண்ணாச்சி போன் செய்தார். தீபாவளி விளம்பரத்தைக் கேட்டாராம். அக்கா குரலிலிருந்து எடுத்த ரிவெர்ப் எங்கே போயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது.

"தம்பி, லுங்கியக் கெணத்துக்குள்ள நின்னு விக்கிற மாதிரில்லா இருக்கு."

புதிய பாணி என்றேன். பழைய பாணியே போதும் என்றார்.

அக்டோபர் 11, சனி

படியில் காலடிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் அக்கா. கூப்பிடாமல் ஏறி வந்திருக்கிறாள். கழுத்தில் துப்பட்டா இல்லை. தழும்பு மெல்லிய கோடாகத் தெரிந்தது, மறைக்கவில்லை. இப்போது கொஞ்சம் சத்தம் வருகிறது, பாதி காற்று, பாதி குரல். பள்ளிக்கூடத்தில் இடுப்பில் கட்டுகிற சின்ன ஸ்பீக்கரை வைத்துப் பாடம் நடத்துகிறாளாம். பிள்ளைகள் முன்னைவிட அமைதியாக இருக்கிறார்களாம், கேட்காமல் போய்விடுமோ என்று.

"கடைசிச் சரணம் பாக்கி இருக்குல்லா. எடு."

"பொறுத்து எடுப்போம். வொய்ஸ் வரட்டும்."

"வராட்டா?"

"வரும்."

"ஜூன் மாசம் பூரா மூச்சு மாதிரிப் பாடுன்னு உசுர எடுத்த. இப்பம் மூச்சுதான் இருக்கு. எடுல."

"முடியாது."

"எதுக்கு முடியாது?"

மெமரி கார்டு நிரம்பிவிட்டது என்றேன். கணினியில் பதிவாகிற சங்கதிக்கு மெமரி கார்டு தேவையில்லை என்று வேதியியல் டீச்சருக்குத் தெரியாது என நினைத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பத்தாம் வகுப்பு பி பிரிவு ஏன் நூறு சதவீதம் தேர்ச்சி பெறுகிறது என்று புரிந்தது. பிறகு அவளே ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மைக்கை அவள் வாய்க்கு நாலு விரல் கிட்டத்தில் வைத்தேன். ஒலியளவை இதுவரை தொடாத இடம்வரை ஏற்றினேன். மின்விசிறியை நிறுத்தினேன். அவள் வளையல் உரசுவது கேட்டது, கழற்றினாள். எச்சில் விழுங்குவது கேட்டது. பாடினாள். நடு வரியில் குரல் அறுந்தது. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி. ஒரு வரிக்கு மூன்று முறை மூச்சு வேண்டியிருந்தது. முகம் சிவந்துவிட்டது. விளக்கு சிவக்கவே இல்லை.

போதும் என்று நான் சொன்னபோதெல்லாம் கையை ஆட்டி மறுத்தாள். கடைசி வரியை முடித்துவிட்டுச் சுவரில் இருந்த மெத்தையில் அப்படியே சாய்ந்துகொண்டாள்.

நான் அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்த சத்தம் அதுதான். பாதித் தூக்கம், பனிமூட்டம், காதோரம். உலகத்தில் யாரும் இவ்வளவு சரியாகப் பாடியிருக்க மாட்டார்கள். எனக்கு அது வேண்டாம்.

அக்டோபர் 26, ஞாயிறு

மிக்ஸ் கேட்க வந்தாள். பழைய குரல் முன்னால், ராஜாத்தி மாதிரி. புதிய குரலைப் பின்னால் லேசாகத் தூவியிருந்தேன். பாதியிலேயே அவள் கை நிறுத்தும் பொத்தானை அமுக்கியது.

"யாருல இது? இந்தக் கத்து கத்துறா."

"நீதான்."

"இவள எதுக்கு இப்படி முன்னால நிறுத்தி மாலை போட்டு வச்சிருக்க?"

"நல்லா இருக்குல்லா?"

"நெனவஞ்சலிக்குப் பண்ணுத மாதிரி இருக்கு. நான் இங்க ஒம் பக்கத்துல உக்காந்திருக்கேன், பாத்தியா?"

அவள் பேசுவதற்கு மூச்சு சேர்த்தாள்.

"எனக்கும் அவ வேணும்ல. வேண்டாம்னு சொல்லல. ராத்திரியெல்லாம் அழுதாச்சு, அத நீ பாத்ததில்ல. ஆனா பாட்டு என்ன சொல்லுது? உப்புக்கு முன்னால தண்ணியா இருந்துச்சுன்னுதான. தண்ணி போனாத்தான் உப்பு. இப்பம் இருக்கவள முன்னால வை."

எழுதியது அவள் என்பதையே மறந்திருந்தேன். சொற்கள் புரியக்கூடாது என்று சொன்ன ஆள் நான்தானே. எனக்கே புரியவில்லை.

ஒலியளவுப் பொத்தானை நான் தள்ளினேன், "இன்னும், இன்னும்" என்று அவள் சொன்னாள். பழைய குரல் பின்னால் போனது. மண்டபத்தைத் திரும்பக் கட்டி, அதன் கோடியில் அவளை நிறுத்தினேன். அங்கிருந்தும் கேட்டது. அதுதான் அவள் கெட்ட குணம்.

நவம்பர் 16, ஞாயிறு

பாட்டை இணையத்தில் ஏற்றி ஐந்து நாளாகிறது. கேட்டவர்கள் ஐம்பத்து மூன்று பேர், அதில் பாதி பத்தாம் வகுப்பு பி பிரிவு. புனேயிலிருந்து வினோதினி கைகூப்பும் பொம்மை அனுப்பினாள். இந்த முறை மூன்று. அண்ணாச்சி கேட்டுவிட்டு, "யாரோ அழுதுக்கிட்டே சந்தோசமா இருக்க மாதிரி இருக்கு தம்பி, நம்ம கடைக்கு மட்டும் இது வேண்டாம்" என்றார். இதுவரை வந்ததில் நல்ல விமர்சனம் அதுதான்.

நவம்பர் 23, ஞாயிறு

மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு. வேறு துறைமுகத்துக்குப் படகோடு போன அத்தான் இரண்டு வாரம் கழித்துக் கரைக்கு வந்திருந்தார், பாட்டை இன்னும் கேட்கவில்லை. மேசையில் போனை எவர்சில்வர் டம்ளருக்குள் செருகிப் பாட்டைப் போட்டார், சத்தம் கூடுதலாக வருமாம். ஐந்து மாதம் நான் அளந்து அளந்து செதுக்கிய ஒலி டம்ளருக்குள்ளிருந்து வந்தது. அக்கா அடுப்பில் ஊளி மீனைப் பொரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

அத்தான் தலையைக் குனிந்து கடைசிவரை கேட்டார்.

"முன்னால பாடுறது நம்ம மெட்டில்டா."

"ஆமா அத்தான்."

"பின்னால தூரத்துல ஒருத்தி நின்னு பாடுதால்லா. அவளும் மெட்டில்டாதான."

"ஆமா."

"ஒருத்தியையே இத்தன வருசமாச் சமாளிக்க முடியல. ரெண்டாக்கிட்டியே மாப்ள."

அக்கா கரண்டியோடு வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். சத்தம் வரவில்லை, தோள் குலுங்கியது. சிரிப்பு நிற்காமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அத்தான் சிரிக்கவில்லை. டம்ளரைத் தன் பக்கம் இழுத்து, காதை அதன் வாயருகே கொண்டுபோனார்.

"இன்னொரு தடவ போடு," என்றார்.

போட்டேன். அடுப்பில் மீன் கருகும் வாசனை வந்தது. மூவரில் யாரும் எழுந்திருக்கவில்லை.